அனுமதி உண்டா என்று கேட்ட நிரல்

எங்கள் குப்பத்துச் சங்க அறைக்குக் கணிப்பொறி வந்தது ஆடி மாதக் கடைசி வெள்ளி. கூழ் ஊற்றிய மறுவாரம் என்பதால் நாள் தவற வாய்ப்பில்லை. அதைக் கொண்டுவந்த சென்னை நிறுவனத்தின் பொறியாளர், ஏரியின் பாடு முறையை டிஜிட்டல் ஆக்கப்போவதாகச் சொன்னார். எங்கள் தலைவர் கைதட்டினார். தலைவருக்குக் கைதட்டும் பழக்கம் உண்டு. எதற்கு என்பதைப் பிறகுதான் விசாரிப்பார்.

பாடு என்றால் இதுதான். ஏரியில் இறால் விழும் நல்ல இடங்கள் கொஞ்சம். எல்லாரும் ஒரே நாளில் அங்கே கழி நட்டு வலை கட்ட முடியாது. ஆகவே ஊர் கூடிக் குலுக்கல் போட்டு, இந்த நாளில் இந்த இடம் இந்த வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்கிறோம். ஆண் இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. அந்த வீட்டுக்காக வேறொருவர் போய் வலை கட்டலாம். படகில் நிற்பவர் யார் என்பதை யாரும் பார்ப்பதில்லை, யாருடைய முறையில் நிற்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் மீனைத் துரத்தும் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வித்தியாசம், பட்டம் வாங்கியவர் எழுதிய நிரலுக்குத் தெரியவில்லை.

நிரல் சி மொழியில் இருந்தது. முறை வரும் நாளன்று, வலை கட்டப்போகிறவர் சங்க அறைக்கு வந்து, தன் பெயரில் உள்ளே நுழைந்து, போவதாகப் பதிய வேண்டும். விளக்கு வைப்பதற்குள் பதியாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நாங்கள் வலை கட்டுவது வெயில் தாழும்போதே. விளக்கு வைக்கும் நேரத்தில் யாருக்கு உரிமை என்று தெரிந்து என்ன பயன் என்று பொறியாளரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நண்டு எங்கே மலிவு.

ஐப்பசியில் முகத்துவாரம் திறந்து, வாடைக் காற்று எழும்பி, இறால் கடலுக்கு ஓடத் தொடங்கிய வாரத்தில் என் அண்ணிக்கு முறை வந்தது. அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டுக்காக வலை கட்டுவது அண்ணியின் தம்பி, எனக்கு மச்சான் முறை. பக்கத்துக் குப்பத்துக்காரன். அண்ணிக்கு அந்த வருஷத்தில் வாய்த்த நல்ல பாடு அது ஒன்றுதான். அடுத்த சுற்று வருவதற்குள் முகத்துவாரத்தில் மணல் ஏறிவிடும், இறாலும் போயிருக்கும்.

காலையில் அறைக்குள் போனவன் போன வேகத்தில் என்னிடம் வந்தான்.

"மச்சான், எனக்கு அனுமதி இல்லியாம்."

"யாரு சொன்னா?"

"அதான் சொல்லுது. மூணு தபா அமுக்கிட்டேன். மூணு தபாவும் ஒரே பாட்டு."

சங்கச் செயலாளர் பொறியாளருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அது பெர்மிஷன் இஷ்யூ சார், ரொம்ப சிம்பிள்" என்றது போன். "ஃபைலுக்கு சி ஹெச் மோடு போட்டு ட்ரிபிள் செவன் குடுத்துடுங்க."

"தம்பி, அப்படிப் போட்டா ரூமுக்குள்ள வர்றவன் எவன் வேணும்னாலும் அந்தக் கோப்பில எழுதலாமே" என்றேன்.

"இப்போதைக்கு ஓடும்ல சார்?"

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் செயலாளர் தட்டி முடித்திருந்தார். உலகமெங்கும் இந்த மூன்று ஏழுகளைத் தட்டிவிட்டுச் சோற்றுக்குப் போகிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். மச்சான் மறுபடி அமுக்கினான். பதிவாயிற்று என்று வந்தது. அவன் வலையெடுக்கப் போனான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் அண்ணியின் பெயர் இல்லை. அடுத்த முறைக்காரர் பெயர் இருந்தது. அவர் நிரலைக்கூடத் தொடவில்லை. அறைக்குள் போய், கோப்பை நேராகத் திறந்து, ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதிவிட்டு வந்திருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை.

"மெஷின் வுட்டுச்சு, எழுதினேன். கூடாதுன்னா அது தடுத்திருக்கும்ல?" என்றார்.

தலைவர் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல இப்படி இருக்குது. நான் இன்னா பண்றது?"

குலுக்கல் சீட்டைத் தன் கையால் எடுத்துப் பெயரை உரக்கப் படித்தவர் இவர்தான்.

அண்ணி வாசலில் நின்றபடி அடுத்த முறைக்காரரைக் கேட்டார்: "குலுக்கல்ல எம் பேரு வந்தப்போ நீ எம் பக்கத்துலதானே குந்தினு இருந்தே? வெத்தலைக்கு சுண்ணாம்பு கேட்டியே. அப்போ இந்த மெஷினு எங்க இருந்துச்சு?"

"அது அப்போம்மா. இப்போ கம்ப்யூட்டர்ல எப்படியோ அப்படித்தான்."

"தம்பி, உனக்குத்தான் இந்தக் கருமம் தெரியுமே. இன்னான்னு பாரு" என்றார் அண்ணி என்னிடம்.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பழைய புத்தகங்களை வாங்கி ரயிலில் படித்து சி கற்றவன் நான். பொறியாளர் மூல நிரலை அந்தக் கணிப்பொறியிலேயே விட்டுப்போயிருந்தார். உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இரண்டு அடையாளங்கள் இருக்கலாம். அதை ஓட்டியவர் யார் என்பது ஒன்று. யாருடைய அதிகாரத்தில் அது வேலை செய்கிறது என்பது இன்னொன்று. பொறியாளர் தன் நிரலுக்குச் சங்கத்தின் அதிகாரத்தைக் கொடுத்திருந்தார். கோப்பைத் திறந்து எழுத அதுவே போதும். ஆனால் மனிதர் திறப்பதற்கு முன்னால் access என்ற செயற்கூற்றைக் கூப்பிட்டு, எழுத அனுமதி உண்டா என்று கேட்டிருந்தார். access பார்ப்பது ஓட்டியவரை மட்டும். அது அப்படிப் பார்ப்பதற்காகவே உண்டாக்கப்பட்டது, குற்றம் அதன்மேல் இல்லை. ஊர்க்காரர்களை அவர் ஒரு குழுவாக்கி எழுதும் உரிமை கொடுத்திருந்ததால் அவர்களுக்கெல்லாம் உண்டு என்றது. மச்சான் வெளிக்குப்பத்துக்காரன், குழுவில் இல்லை. அவனுக்கு இல்லை என்றது. யார் யாருக்காக வரலாம் என்று சரிபார்க்கும் வரிகள் அதற்கு அடுத்தே இருந்தன, ஒழுங்காகவே இருந்தன. அதுவரை அவனை விட்டால்தானே? அந்தக் குழு உரிமையால் ஊர்க்காரர் எவரும் கோப்பில் நேராக எழுத முதலிலிருந்தே வழி இருந்தது, மூன்று ஏழுகள் அதை வெளியாருக்கும் திறந்துவிட்டன.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவே கோப்பின் நிலைமை மாறிவிடலாம். உண்டு என்ற பதில் கைக்கு வரும்போதே பழசாகியிருக்கும். இதைக் கையேட்டுப் பக்கத்திலேயே எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கையேடு படிப்பதைச் சிறுமையாக நினைக்கும் பிள்ளைகளுக்கு யார் எடுத்துச் சொல்வது? செய்ய வேண்டியது எளிது. கேட்காதே, open என்று நேராகத் திற. முடியாவிட்டால் அது மைனஸ் ஒன்று தரும், காரணத்தை errno சொல்லும்.

தலைவருக்கு இதை இரண்டு முறை விளக்கினேன். இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி, கம்பெனியைக் கேக்காம கை வைக்கலாமா?" என்றார்.

கோப்பில் எழுதும் உரிமையைச் சங்கத்தின் கணக்குக்கு மட்டும் என்று சுருக்கினேன். access வரிகளை நீக்கினேன். open தரும் பதிலைச் சோதிக்கும் வரிகளைச் சேர்த்தேன். அழிக்கப்பட்ட பெயரைக் குலுக்கலில் வந்தபடியே திரும்ப எழுதினேன். நிரலைத் தொகுத்தபோது ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதாகக் கணிப்பொறி திட்டியது, அதையும் போட்டேன். எல்லாம் முடிந்து, "மச்சானை வந்து அமுக்கச் சொல்லுங்க" என்று திரும்பினால் வாசலில் அண்ணி இல்லை. அடுத்த முறைக்காரரும் இல்லை. தலைவர் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்கு ஓடினேன். வெயில் தாழ்ந்திருந்தது. மச்சானின் படகு திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார்.

"அனுப்பிட்டீங்களா அண்ணி?"

"பின்ன? நீ தட்டி முடிக்கிற வரைக்கும் இறாலு நிக்குமா?"

"அந்த ஆளு?"

படகிலிருந்து மச்சான்தான் பதில் சொன்னான். "வந்தான் மச்சான். எங் கழி நட்டுக் கீறதைப் பார்த்தான். கையை வச்சிப் பாருடான்னேன். சுத்தி நாலு படகு, எல்லாம் குலுக்கல்ல குந்தினு இருந்தவங்க. அவனையே பார்த்துனு இருந்தாங்க. அப்படியே திருப்பினு பூட்டான்."

அவனை ஈரக் காலோடு சங்க அறைக்கு இழுத்துப் போனேன். அமுக்கினான். பதிவாயிற்று என்று வந்தது. தலைவர் கைதட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார். "இன்னா சொல்லுது?"

"உங்க பாடுதான்னு பதிஞ்சிடுச்சு அண்ணி. இனிமே யாரும் மாத்த முடியாது."

"வலைதான் கட்டியாச்சே" என்றார். புடவை முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, விடியலில் இறாலை அள்ளக் கூடை கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.