தோயாவின் இருமல்

தோயாவுக்குக் காசநோய் கிடையாது. ஆனாலும், கிலிஃபிக்கு வடக்கே உள்ள கழிமுகக் காப்பகத்தில் பறவை பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பறவைகளின் பெயர் மறந்தாலும் அவருடைய இருமல் மறக்காது.

நிற்கும் பூநாரை வெளுத்த துணி மாதிரி இருக்கும். எழும்பிப் பறந்தால்தான் இறக்கையின் சிவப்பு தெரியும். பறவைகளைக் கலைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வழிகாட்டி இருமக் கூடாது என்று இல்லை. விருந்தாளிகள் கேமராவைத் தூக்கியதும் தோயாவுக்குத் தொண்டை கமறும், கூட்டம் மொத்தமும் எழும்பும். மட்டாட்டு வேனின் படியில் தொங்கிக்கொண்டு மொம்பாசாவுக்கு ஆள் கூப்பிட்ட தொண்டை அது.

அன்று விருந்தாளிகளோடு புது அதிகாரி முவரிங்காவும் வந்தார்.

"உன் இருமலைப் பத்திப் புகார் வந்திருக்கு. இன்னிக்கு ஒரு தடவை இருமினாலும் பேட்ஜைக் கழட்டிக் குடுத்துடு."

அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் தோயா கல்யாணத்துக்கும் போவார், சாவுக்கும் போவார். அது போனால் மறுபடி வேன் படிதான்.

மரப்பாலத்தின் முனையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பூநாரைகள் சேற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. கீழே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த கட்சோ நிமிர்ந்தாள்.

"என்ன தோயாண்ணே, மருந்து குடிச்சிட்டீங்களா? சத்தத்தையே காணோம்!"

"உன் வேலையைப் பாரு."

சொன்ன வேகத்தில் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. விழுங்கினார். கண்ணில் நீர் கோத்தது. பறவைகளைப் பார்த்து மனம் உருகிவிட்டார் என்று நினைத்து ஒரு விருந்தாளியம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்குள் முவரிங்கா, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய தன் புதுக் கேமராவை எடுத்திருந்தார். மெல்ல நெருங்கினார்.

"தோயா, உனக்குச் சளி கிளி ஒண்ணும் இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

"கடல் காத்துப்பா. ஒரே ஒரு தடவை வந்தா நான் கேக்காத மாதிரி இருந்துடுவேன்."

தோயா பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு வராதுங்க. ஐயாவுக்கு வந்தா யாரு கேக்கப் போறாங்க?"

அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இருமினார். அலுவலக அறைக்குப் போதுமான இருமல்தான். ஒரு பறவைகூட அசையவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இன்னொன்று. வானம் சிவந்தது. கேமராக்கள் படபடத்தன. முவரிங்காவுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. குனிந்தே நின்றார், கேமரா கழுத்தில் ஆடியது.

"ஐயோ, உங்க வியாதி ஆபீசருக்கும் ஒட்டிக்கிச்சே அண்ணே!" என்று கத்தினாள் கட்சோ.

அப்போதுதான் தோயா அடக்கிவைத்திருந்ததை ஆசை தீர இருமினார். கலைவதற்குச் சேற்றில் ஒரு பறவைகூட மிச்சமில்லை.