சுழல்வதற்குப் பொட்டு வைக்கக் கூடாது

ஆயுத பூஜையன்று என் புது மின்சார ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைக்க வந்தார் ஷோரூம்காரர். முகப்பில் வைத்தார், கைப்பிடியில் வைத்தார், சும்மா இருந்தேன். சக்கரத்தின் பக்கம் கை போனதும் "அங்க வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். பாவம், கிண்ணத்தைக் கீழே போடாத குறை. ஒரு பொட்டு என்னை வேலையைவிட்டுச் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே மூட்டை கட்ட வைக்கப் பார்த்த கதை அவருக்கு எங்கே தெரியும்?

அப்போது எனக்கு ஒரகடத்தில், கிராங்க்ஷாஃப்ட் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு அது. வாஷிங் மெஷினில் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டால் மெஷினே நடக்கப் பார்க்கும் இல்லையா? தண்டில் ஒரு பக்கம் துளி கனம் கூடினாலும் இன்ஜினுக்கு அதே கதிதான். உதறும், இழுவை குறையும், பேரிங் தேயும். எங்கள் மெஷின் தண்டைச் சுழற்றிக் கனமான பக்கத்தைக் காட்டும். அங்கே துளை போட்டு இரும்பைக் குறைப்போம். அளவுக்கு மீறிய கனமென்றால், கழிவுக்கான சிவப்புத் தொட்டி.

அந்த வருட ஆயுத பூஜை முடிந்து உற்பத்தி லைன் ஓடிய முதல் காலையில், வந்த தண்டெல்லாம் சிவப்புத் தொட்டிக்கே போயின. கூட வேலை செய்த தேவகி, பக்கத்து வடக்குப்பட்டுக்காரி, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்புவதும் சூப்பர்வைசர் கையில்.

"இன்னாமா, ஒழுங்கா மாட்டத் தெரியாதா? இப்டியே போனா ரெண்டு பேரும் வூட்டுக்குக் கெளம்புங்க" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளையும் ஓடும், பிறவிக் கோளாறு. எல்லாத் தண்டுக்கும் ஒரே பக்கமா கனம் இருக்கும்? ஒன்றைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மெஷினை ஓட்டினேன்.

"சார், கனம் தண்டுல இருந்தா, தண்டத் திருப்பும்போது அதுவும் கூடத் திரும்பணும்லா?"

கனம் திரும்பவில்லை. திரை பழைய இடத்தையே காட்டியது. அப்படியானால் கோளாறு தண்டில் இல்லை, அதைக் கவ்விச் சுழற்றும் பிடியில். குனிந்து அதன் மறுபக்கம் பார்த்தேன். கெட்டியாகக் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம், ஒரு சாமந்தி இதழ் வேறு.

தேவகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் வச்சிகினு வந்தேன்க்கா. இது மட்டும் மூளியா கீதேன்னு..."

சுரண்டித் துடைத்துச் சுழற்றினேன். பச்சை விளக்கு! அடுத்ததும் பச்சை. தொட்டியில் கிடந்த அத்தனை தண்டுகளும் தேறி வெளியே வந்தன. லைனே கை தட்டியது. "அடிப்பாவிங்களா, சாமியையே ரிஜெக்ட் பண்ண வெச்சிட்டீங்களே!" என்று சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஒப்பந்தம் நீண்டது. அன்றைக்குக் கேன்டீனுக்கு ராணி மாதிரி நடந்து போனேன், சொல்ல வெட்கமே இல்லை.

அதற்கப்புறம் ஆயுத பூஜை என்றால் சந்தனக் கிண்ணம் முதலில் எங்களிடம்தான் வரும். "அக்கா, இது சுத்துமா, நிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எவரும் பொட்டு வைப்பார்கள்.

இன்று அந்த லைன் இல்லை. எங்கள் மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மின்சாரத்தில் ஓடும் என் ஸ்கூட்டரில் கிராங்க்ஷாஃப்டே கிடையாது. ஆனாலும் வாலாஜாபாத் ரோட்டில் ஏதாவது பழைய கார் உதறாமல் வழுக்கிக்கொண்டு போனால், நாங்கள் தொட்டியிலிருந்து மீட்ட தண்டாக இருக்குமோ என்று பெருமையோடு திரும்பிப் பார்க்கிறேன். கிண்ணத்தை நீட்டி, சுத்துமா நிக்குமா என்று கேட்கத்தான் ஆளில்லை.