சிவப்புத் தொட்டிக்குப் போன வாழ்த்து அட்டை

ஓசூர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. வாழ்த்து அட்டை செய்வது பொழுதுபோக்கு. ஓய்வுபெறும் மஞ்சுளா அக்காவுக்கு ஒரு அட்டை செய்ய, எங்கள் லைனில் இருந்த பன்னிரண்டு பெண்களிடமும் ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்து, ஆளுக்கொரு பூ குத்தச் சொன்னேன்.

தலைவலிதான் மிச்சம். ஒருத்தி மையில் முக்கியெடுத்தாள். ஒருத்தி கோணலாகக் குத்தினாள். இன்னொருத்தியின் கட்டைவிரல் ரேகையே பதிந்துவிட்டது.

"அழுத்தாதீங்கடி, நோவாம வெச்சு எடுங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது.

எல்லாரும் போனதும், பழக்க தோஷத்தில், கழித்த பொருளைப் போடும் சிவப்புத் தொட்டியில் அட்டையை வீசினேன். வீட்டில் நானே உட்கார்ந்து, புது அட்டையில் பன்னிரண்டு பூவையும் பிசிறில்லாமல் குத்தினேன்.

மறுநாள் விழாவில் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குது கண்ணு. ஆளுக்கொரு பூ குத்துனீங்களாமே, இதுல யாரு பூ எது?"

பன்னிரண்டு பேரும் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சிவப்புத் தொட்டிக்கு ஓடினேன். காலையிலேயே அள்ளிப் போயிருந்தார்கள்.

இத்தனை வருட வேலையில், நல்ல பொருளை நான் ரிஜெக்ட் செய்தது அந்த ஒருமுறைதான்.