திரும்பத் தாண்டிய கால்

கன்னையா கை நீட்டுகிற ஆள். சித்தூரிலிருந்து வேலூர் போகிற பாதையில், எல்லைக்கு ஆந்திரப் பக்கம் இருக்கிற நாலு ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறான், சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்குகிறான் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். பத்தொன்பது வயதில் வேலூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டரின் முன்பல்லைப் பெயர்த்தான். தன் கல்யாணத்தன்றே, மாலை கழுத்தில் இருக்க, மாமனார் ஊர்க்காரன் ஒருவனைப் பந்தியிலிருந்து தூக்கி எச்சில் இலைக் குப்பையில் போட்டான். தம்பி சீனுவைப் பார்த்துக் குள்ளன் என்று அந்த ஆள் சிரித்ததுதான் காரணம். கன்னையாவுக்கு வாய் வராது. நாக்கு புரண்டு ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கை போய்ச் சேர்ந்திருக்கும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அடி வாங்கியவர்களுக்கு இன்னும் வலிக்கிறது.

சீனு அவனுக்கு ஆறு வயது இளையவன், அண்ணனின் தோளுக்கும் கீழே நிற்பான். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கவேண்டும். யாராவது எழுந்தால் யாரையாவது தாண்டித்தான் ஆகவேண்டும். படுத்திருக்கிறவனைத் தாண்டினால் அவன் வளரமாட்டான், ஆயுசும் குறையும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறவன் காலைத் தாண்டினாலும் அதே கதைதான். தப்பித் தவறித் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும், தோஷம் போய்விடும். சீனு இதில் மகா கெட்டி. யாராவது தாண்டினால் தூக்கத்திலேயே "திரும்பத் தாண்டு" என்று கத்துவான். ஒருமுறை கன்னையா தாண்டிவிட்டு அப்படியே விளையாட ஓடிப்போனான். தன் உயரம் அன்றைக்கு நின்றதுதான் என்று முப்பது வயதுவரை சீனு குத்திக்காட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் குத்தல் கன்னையாவின் காலுக்குள் இறங்கிவிட்டது. நடுவாசலில் படுத்திருக்கிற நாயைத் தாண்டினால்கூட அடுத்த நொடி கால் திரும்பி வந்துவிடும். "கன்னுக்குட்டி வளராம போயிடும்னு அதையும் ரெண்டு தபா தாண்டுற ஆளு" என்று அவன் மனைவி வசந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாசம், சித்தூருக்கு வெளியே கூழ் ஃபேக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர்கள் இரண்டு மைல் நீளத்துக்கு நின்றன. டோக்கன் வாங்கி இரண்டு நாள் ஆகியும் வரிசை நகரவில்லை. வெயிலில் பழம் அழுகி டிரெய்லரிலிருந்து சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போது எதிர்ப்பக்கமாக வந்து வரிசைக்குள் மூக்கை நுழைத்த டிராக்டரை ஓட்டியவன் சுதீர், பக்கத்து மண்டலத்துக்காரன். சீனு தன் குள்ள உடம்போடு போய் அதன் முன்னால் நின்றான். சுதீர் இறங்கினான். ஸீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து, சீனுவின் முகத்தில் வீசினான்.

கன்னையா டீ குடிக்கப் போயிருந்தான். ஓடி வந்தபோது தம்பி நசுங்கிய பழத்தின் மேல் கிடந்தான். எது சாறு, எது ரத்தம் என்று தெரியவில்லை. சுதீர் தோப்புக்குள் ஓடி மறைந்துவிட்டான். திருப்பதியில் ஆபரேஷன் பண்ணியும் சீனுவின் வலது கண் போனது போனதுதான். வரிசையில் நின்ற நூறு பேரும் அந்த நேரத்தில் மாங்காயைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கேஸ் செத்தது. சுதீர் ஸ்ரீ சிட்டி பக்கம் லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்த தம்பியிடம் கன்னையா பேசிய ஒரே பேச்சு இது: "அவன் கண்ணு ஒண்ண எடுத்துக்கினு வரேன்டா."

சீனு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். வேலைக்குப் போவதை விட்டான், சிரிப்பதை விட்டான், அதை மட்டும் விடவில்லை. "இன்னா ஆச்சு?" என்று பொங்கலுக்குக் கேட்பான், உகாதிக்குக் கேட்பான். கன்னையா தலையைக் குனிந்துகொள்வான். அந்தக் கேள்வி அவனைத் தின்றுகொண்டிருந்தது.

போன வருஷம் திருப்பதி போகிற ரோட்டோரம் வறண்ட ஏரியில் ஒரு பெரிய ராஜா கதைப் படத்துக்குப் பிளைவுட்டில் கோட்டை கட்டினார்கள். அறுநூறு சிப்பாய்கள் வேண்டும் என்று ஷோபா என்கிற ஏஜென்ட் அம்மா வேன் வைத்து ஊர் ஊராக ஆள் பிடித்தாள். கன்னையாவைப் பார்த்ததும் அவனை ஒருமுறை திரும்பி நிற்கச் சொன்னாள். படத்தின் கொடூரமான சேனாதிபதியாக நடிக்கிற பெரிய நடிகருக்கும் அவனுக்கும் முதுகு ஒரே அச்சு. "மொகம் வேணாம்ப்பா, முதுகு போதும்" என்றாள். சண்டையில் பின்னாலிருந்து எடுக்கிற இடமெல்லாம் கன்னையா. முகம் தெரிகிற இடத்தில் மட்டும் நடிகர். முப்பத்தெட்டு வயதுவரை சும்மா செய்துகொண்டிருந்ததை இப்போது கேமராவுக்கு முன்னால் செய்யச் சொன்னார்கள். ஃபைட் மாஸ்டர் நரசிம்மன் மெட்ராஸ்காரர், ஒருமுறை காட்டினால் கன்னையா பிடித்துக்கொள்வதைப் பார்த்து அசந்துபோனார்.

நான்காம் நாள் ஸ்ரீ சிட்டி பக்கமிருந்து ஒரு பஸ் ஆள் வந்தது. நீலத் தலைப்பாகை கட்டி ரெக்ஸின் கவசம் மாட்டி இறங்கியவர்களில் ஒருவன் சுதீர். ஒட்டுத் தாடியும் இரும்புத் தொப்பியுமாக இருந்த கன்னையாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னையா அவனைப் பார்த்த நொடியே கண்டுகொண்டான்.

அன்று எடுக்கப்போகிற காட்சி இது. கோட்டை எரிகிறது. சேனாதிபதி ஒரு சிப்பாயை வெட்டுகிறான், விழுந்தவனை இன்னொரு முறை குத்துகிறான், அவனைத் தாண்டிப் படியேறுகிறான். நிஜமாகவே கோட்டையைக் கொளுத்துவதால் இரண்டாவது டேக் கிடையாது.

"மாஸ்டர், அந்த நீலத் தலப்பா நல்லா உழுவான். அவன வெய்ங்க," என்று சுதீரைக் காட்டினான் கன்னையா.

நரசிம்மன் யோசிக்கவேயில்லை. "சரி, அவனையே நிறுத்து."

சண்டைக்கு ஃபைபர் கத்தி. கிட்டத்தில் காட்டுவதற்கென்று அசல் இரும்பில் ஒன்று பெட்டியில் இருந்தது, முனை மழுங்கியது, ஆனால் ஐந்து கிலோ. இரண்டுக்கும் ஒரே பெயின்ட். கன்னையா ஃபைபரைப் பெட்டியில் வைத்துவிட்டு இரும்பை எடுத்துக்கொண்டான்.

தீ வைத்தார்கள். அறுநூறு பேரும் கத்தினார்கள். புகையும் செம்மண் புழுதியும் எழும்பி எதிரே இருப்பவன் நிழலாகத் தெரிந்தான். கன்னையா ஓடி வந்த வேகத்திலேயே வீசினான். இரும்பு சுதீரின் இடது தோளில் இறங்கியது. காரை எலும்பு முறிகிற சத்தம் கன்னையாவின் கைப்பிடிக்குள் கேட்டது. சுதீர் அலறினான். அறுநூறு பேர் அலறுகிற இடத்தில் ஒருத்தன் உண்மையாக அலறுவதை யார் கண்டுகொள்வார்கள்? அவன் மல்லாந்து விழுந்தான். இடுப்பிலிருந்த ரத்தப் பை உடைந்து சிவப்புச் சாயம் வழிந்தது. தோளில் கவசத்துக்கு அடியிலிருந்து அசல் ரத்தமும் கசிந்து அதோடு கலந்தது. கன்னையா தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளினான். சுதீர் பார்த்தான், புரிந்துகொண்டான். ஜாக்கி ராடு வீசிய அந்த வலது கையைத் தூக்கித் தன் கண்ணை மூடிக்கொண்டான். எது வேண்டுமென்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

கன்னையா கத்தியைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கினான். அந்தக் கையோடு சேர்த்துக் குத்தினால் போதும்.

அப்போது மேலேயிருந்து எரிகிற மரச்சட்டம் ஒன்று கழன்று அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. சூடு பட்டதும் உடம்பு முன்னால் தாவியது. சுதீரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றான். நின்ற அடுத்த நொடி அவன் கால் தானாகத் திரும்பியது. வந்த வழியே, நெருப்புப் பக்கமாகவே, கீழே கிடந்தவனை மறுபடியும் தாண்டி, பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கன்னையா அங்கே கத்தியை ஓங்கியபடி நின்றான். நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. இவன் ஆயுசு குறையக்கூடாது என்று இப்போதுதான் திரும்பத் தாண்டியிருக்கிறான். அதே ஆளின் முகத்தில் எப்படிக் குத்துவது? காலைத் திட்டினான். கையை அந்த முகத்தில் இறக்கப் பார்த்தான். இரண்டு வருஷமாகக் காத்திருந்த கை இறங்க மறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியில் கத்தியைப் பக்கத்து மண்ணில் செருகிவிட்டு, கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு, படியேறிப் போனான்.

டைரக்டர் மைக்கில் தெலுங்கில் தாறுமாறாகத் திட்டினார். சேனாதிபதி ஈவு இரக்கமில்லாதவன், அவன் ஏன் பிணத்தை இரண்டு தடவை தாண்டுகிறான் என்று கேட்டார். கோட்டை சாம்பலாகிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. மானிட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். நாலாவது தடவை பார்த்துவிட்டு, திட்டுவதை நிறுத்தி, இருக்கட்டும் என்றார். சுதீரை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். விழத் தெரியாமல் விழுந்துவிட்டேன் என்று அவனே எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்த கன்னையா, வாய் வராத கன்னையா, அன்றைக்கு முதல்முறையாகக் கோர்வையாகப் பொய் சொன்னான். "கண்ணுக்குத்தான் ஓங்கினேன்டா. நாலு பேரு பின்னால வந்து அமுக்கிப் புடிச்சிக்கினாங்க. எலும்பு ஒடைஞ்சதோட போச்சி."

சீனு அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றான். "நாலு பேரு புடிச்சாத்தான உன்ன நிறுத்த முடியும்" என்று சொல்லிச் சிரித்தான். கன்னையா தன் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினான்.

படம் வந்தது. எல்லோர் வாயிலும் அந்த ஒரு இடம்தான். இத்தனை கொலை செய்கிறவன் ஒரு பிணத்தைத் திரும்பத் தாண்டுகிறானே, அந்தச் சின்ன அசைவில் மொத்த ஆளையும் காட்டிவிட்டார் என்று நடிகரைப் புகழ்ந்தார்கள். அது தான் வீட்டில் யோசித்து வைத்தது என்று நடிகர் பேட்டியும் கொடுத்தார், பாவம். ஃபோனில் எதையும் பார்க்காத கன்னையாவுக்கு இது எதுவும் தெரியாது. சீனுவும் வேண்டுமென்றே எதையும் பார்க்கவில்லை. "அவன் உழற எடத்தப் பெரிய ஸ்க்ரீன்ல பாக்கணும்ண்ணா" என்று காத்திருந்தான். மாங்காய்க்கு மருந்தடிக்கணும், பம்ப்செட் ரிப்பேர் என்று கன்னையா இரண்டு வாரம் தள்ளினான். அதற்கு மேல் பொய் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை.

சித்தூரில் மதியக் காட்சி. சீனு உள்ளே உட்கார்ந்தான். ஓரத்து ஸீட்டில் கன்னையா, முன்வரிசை காலியாக இருந்ததால் நீளக் கால்களை நீட்டிக்கொண்டான். கோட்டை எரிந்தது. இரும்பு தோளில் இறங்கியபோது சீனு அண்ணனின் கையைப் பிடித்து நசுக்கினான். "அவன்தான், அவன்தான்" என்றான். சுதீர் கையால் கண்ணை மூடிக்கொள்வது ஸ்க்ரீன் முழுக்கத் தெரிந்தது. கத்தி ஓங்கியது. பிறகு கால்கள் மட்டும். இடது காலில், சீனுவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த, வெளியே வளைந்த அண்ணனின் சுண்டுவிரல். அந்தக் கால் தாண்டியது. அந்தக் கால் திரும்பத் தாண்டியது.

"இன்னா ஆக்டிங்குடா" என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

சீனு கையை விட்டான். இருக்கிற ஒரு கண்ணால் ஸ்க்ரீனையே பார்த்தபடி பேசினான். "யாரும் உன்னப் புடிக்கல."

கன்னையா தம்பி பக்கம் திரும்பினான்.

"எனக்குத் திரும்பத் தாண்டாம ஓடின. அவனுக்குத் திரும்பத் தாண்டியிருக்க."

சொல்லிவிட்டு சீனு எழுந்தான். முழங்காலைத் தட்டினால் அண்ணன் காலை மடக்கி வழி விட்டிருப்பான். சீனு தட்டவில்லை. நீட்டியிருந்த இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தாண்டினான். தாண்டிய பிறகு பாதையில் ஒரு நிமிஷம் நின்றான். இருவருக்கும் தெரியும், எதற்காக நிற்கிறான் என்று. அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கூட்டம் வேறு வழியாக முண்டியடித்துப் போனது. துடைப்பத்தோடு வந்த பெண் ஸீட்டுகளுக்கு அடியில் கூட்டிக்கொண்டே அவன் வரிசைக்கு வந்தாள். "கால எடு நைனா, படம் உட்டாச்சு."

கன்னையா எடுக்கவில்லை. "எந்தம்பி தாண்டிட்டுப் போயிருக்கான்," என்றான். "இன்னும் கொஞ்சம் இருக்கேன்."

அந்தப் பெண் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீட்டிய கால்களுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கூட்டினாள்.