மஞ்சள் புள்ளி வைத்த பெட்டி

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். ஏதாவது ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் முனகுகிறது என்று போன் வந்தால், மற்ற மெக்கானிக்குகள் போனதும் கருவிப் பெட்டியைத் திறப்பார்கள். இவர் கதவில் காதை வைப்பார். "மேல மோட்டார்ல பேரிங் தேஞ்சிருக்கு" என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு மனுஷன் சும்மா இருந்தாரா என்றால், அதுதான் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பித்துப் பிடித்துவிட்டது. ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் ஒரு பெண் பாடுவது கேட்டது. வாசல் திறந்திருக்க, எட்டிப் பார்த்தார். பெண்ணைக் காணோம். சுவரோரமாக இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன, அவற்றுக்கு நடுவே வெறும் தரை. அந்த வெறும் தரையில், ஆள் உயரத்தில், குரல் நின்று பாடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "என்னப்பா வேணும்?" என்று வீட்டுக்காரர் வந்து நின்றபோது இவருக்குக் கை நிறைய கிரீஸ், கண் நிறையத் தண்ணீர். என்ன வேண்டும் என்று எதைச் சொல்வது? அந்தக் குரல் தன் வீட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும்.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம். லிஃப்ட் சாமான்கள் வந்திறங்கும் கனத்த பலகைகளைக் கெஞ்சி வாங்கி முதல் ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்தார். கேட்க சகிக்கவில்லை, ஆனாலும் உயிரையே விட்டார் அவற்றின் மேல். அப்புறம் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர். அதன் ஊசி அதிரக் கூடாதென்று அடியில் ஒரு சிமெண்ட் கல். அப்புறம் வால்வு எரிகிற ஆம்பிளிஃபையர். அதைப் போட்டால் ஹாலில் இஸ்திரி போடுகிற சூடு. கல்யாணம் ஆயிற்று. வந்த மனைவி தையல்காரி. ஹாலில் தையல் மெஷினைப் போட இடமில்லாமல் சமையலறை மூலையில் போட்டுக்கொண்டார். "நான் இந்த வீட்டுக்கு மருமகளா வரலை, மூணாவது பெட்டியா வந்திருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மகளோ, நடக்கப் பழகிய நாளிலிருந்தே பூனை மாதிரி நடந்தாள். ஹாலில் குதித்தால் ஊசி குதிக்கும், ஊசி குதித்தால் அப்பாவும் குதிப்பார்.

ஒரு வழியாக, கனவில் வந்துகொண்டிருந்த ஸ்பீக்கர் ஜோடி ஒன்று பழைய சாமானாகக் கைக்கு வந்தது. இடப்பக்கத்துப் பெட்டியில் மட்டும், அதிர்ந்து சத்தம் எழுப்புகிற காகிதக் கூம்பு கிழிந்திருந்தது. கிழிந்தால் என்ன, கை இருக்கிறதே. புதுக் கூம்பு ஒட்டினார், உள்ளே ஒயரைப் பற்றவைத்தார், மூடி, திருகுகளின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். அது லிஃப்ட் வேலையின் வழக்கம். ஒருவன் முடுக்கிச் சரிபார்த்த திருகுக்குப் புள்ளி வைத்துவிட்டால், அடுத்தவன் அதைத் தொட மாட்டான். புள்ளி இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆசையோடு நாற்காலியை நேர் நடுவில் போட்டு உட்கார்ந்தார். குரல் நடுவில் நிற்கவில்லை. எங்கேயோ சுவரில் படர்ந்து கிடந்தது. கீழ்சுரம் சுத்தமாகச் செத்துப்போயிருந்தது.

விட்டாரா என்றால் விடவில்லை. ஊசியை மாற்றினார். வால்வுகளை மாற்றினார். விரல் தண்டிக்கு ஒயர் வாங்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பெட்டிகளின் முதுகில் மாட்டி மாட்டிப் பார்த்தார். திரை போட்டார், கம்பளம் விரித்தார், மின்சாரத்தின் மேல் சந்தேகப்பட்டார், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் மேல் சந்தேகப்பட்டார். மஞ்சள் புள்ளி வைத்த பெட்டியை மட்டும் திறக்கவே இல்லை. புள்ளி இருக்கிறதே.

"இங்க நல்லாத்தானே கேக்குது" என்று மனைவி தையல் மெஷினிலிருந்து சொல்வார். "சமையலறையில எதுவும் நல்லாத்தான் கேக்கும்" என்பார் இவர். வருஷக்கணக்காக இந்தப் பேச்சு ஓடியது.

சந்தேகப்பட வேறொன்றும் மிச்சமில்லாதபோது காதைச் சந்தேகப்பட்டார். யாருக்கும் சொல்லாமல் போய்ச் சோதித்தும் பார்த்தார். "இந்த வயசுக்கு மெல்லிசான சத்தமெல்லாம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கவலைப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். குறையும் என்ற சொல் மட்டும் இவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு லிஃப்ட் கதவில் காதை வைக்கக் கூசினார். கையை வைத்து அதிர்வு பார்த்தார். உள்ளுக்குள் ஆள் நொறுங்கிப் போயிருந்தார். கேட்க முடியாதவனுக்கு இது எதற்கு என்று, தெரிந்த பல் டாக்டர் ஒருவரிடம் அத்தனையையும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில், "இடத்தை அடைக்குது, குடுத்துடலாம்" என்று சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் வேனோடு வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ரெக்கார்டை வைத்தார். அதே பெண் குரல், அதே சுவரில் படர்ந்தது.

"என்னங்க, தரப் போறதுதான் தரப் போறீங்க, இங்க வந்து ஒரு தடவை கேளுங்களேன்" என்றார் மனைவி. "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இங்க வந்து நின்னிருக்கீங்களா?"

மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல் எழுந்து போனார். தையல் மெஷின் பக்கத்தில் நின்றார். நின்றவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செத்துப்போனதாக நினைத்த கீழ்சுரம் அங்கே ஜம்மென்று உருண்டுகொண்டிருந்தது. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார், காணோம். எழுந்து சற்றே ஒதுங்கி நின்றார், வந்தது. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி காணோம்.

ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் கதவு எங்கே நகரும்? ஒரு பெட்டியின் கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. நேர் நடுவில் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. எந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாதென்று கட்டிக் காத்தாரோ, வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். வெளியே சிவப்பும் கறுப்பும் சரி. அப்படியானால் தப்பு உள்ளே. உள்ளே கை வைத்தவர் ஒரே ஒருவர்.

திருப்புளியை எடுத்தார். மஞ்சள் புள்ளிகள் பொருக்கு பொருக்காக உதிர்ந்தன. திறந்து பார்த்தால், அட கடவுளே, இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருந்தார். தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை திரும்பச் சிரிப்பாகியது.

"என்ன ஆச்சுங்க?" என்று பதறி ஓடி வந்தார் மனைவி.

"என் காது போகலை. காது போச்சுன்னு நெனச்சுத்தான் இதைக் குடுக்கக் கிளம்பினேன். காது அப்பவே சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அதை நம்பலை."

"காது போச்சுன்னு நெனச்சீங்களா? அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயமா இருந்தது."

அந்த அம்மா பற்றவைக்கும் கோலை எடுத்து மின்சாரத்தில் மாட்டிக் கொடுத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. பல் டாக்டரை உட்காரச் சொல்ல அந்த நாற்காலிதான் இருந்தது.

ஊசி இறங்கியது. அப்பா, அதை என்னவென்று சொல்வது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, வெறும் தரையில், ஆள் உயரத்தில் அவள் வந்து நின்றாள். மூச்சு இழுத்தாள். பாடினாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற பாம்புக்காது அதன் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பாட்டு முடியும்வரை பல் டாக்டர் அசையவில்லை. "நான் நெனச்சதைவிடப் பிரமாதமா இருக்கு" என்று எழுந்தார். "வேன் கீழே நிக்குது. ஏத்திடலாமா?"

கொடுத்த வாக்கை மீறிப் பாம்புக்காதுக்குப் பழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, சரி என்று சொல்ல மனசு வரவில்லை.

"டாக்டர், மன்னிச்சுக்குங்க" என்றார் அவர் மனைவி. "வாக்குக் கொடுத்தது இவர். நான் ஒண்ணும் கொடுக்கலையே. வீட்டு சாமான்ல பாதி எனக்குத்தானே? இடப்பக்கத்துப் பெட்டி என்னோடது, அதைத் தர மாட்டேன். வலப்பக்கத்தை மட்டும் வேணும்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க."

ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? பல் டாக்டர் ஒரு பெட்டியைப் பார்த்தார், இன்னொரு பெட்டியைப் பார்த்தார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தார்.

"அப்ப இன்னொரு பாட்டாவது போடுங்க, கேட்டுட்டுப் போறேன்."

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?" என்றார் பாம்புக்காது. "அடுத்த பாட்டுக்கு அங்க இவங்க உட்காரணும்."