நெய்ப் பொங்கலும் கழுத்துக் குழாயும்

கழுத்தில் இடது பக்கம் ஒரு கட்டி. வலியில்லை. அதனால் கவனிக்கவில்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் நிற்பவனுக்குக் கழுத்தைத் தடவிப் பார்க்க ஏது நேரம். சட்டைக் காலர் உரசத் தொடங்கியதும் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். எடுத்தார்.

அங்கே கட்டிலுக்கு ஒரு மாணவர். கடைசி வருஷம் படிப்பவர்கள். காலையில் வந்து நம்மைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதிக்கொள்வார்கள். பெரிய டாக்டர் வரும்போது கட்டிலடியில் நின்று, நம் கதையை நம் முன்னாலேயே இங்கிலீஷில் ஒப்பிப்பார்கள். எனக்கு வந்தது ஒரு பெண். திருப்பத்தூர்ப் பக்கம். ஆபரேஷனிலும் கொக்கி போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நான் டாக்டரம்மா என்பேன்.

"இன்னும் டாக்டர் ஆகலண்ணா."

"ஆவப் போறீங்கல்ல. இப்பவே கூப்ட்டுப் பழகிக்கிறேன்."

கழுத்தில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் முனையில் சின்ன பாட்டில். புண்ணில் ஊறும் நீர் அதில் இறங்கும். இளஞ்சிவப்பாக இருந்தது.

சாப்பிடலாம் என்று சொன்ன அன்று மனைவி பொங்கல் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்க நெய் வாசனை. அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"இது குடுக்கலாமா பாப்பா?"

"சாப்பிடட்டும்கா. ஒண்ணும் ஆகாது."

சாப்பிட்டேன். சாயங்காலம் பாட்டிலில் இருந்தது வெள்ளை. பால் போலவே. நீரை அளக்க வந்த அந்தப் பெண் பாட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "ஈ ஊட்டா கொடோக்கே யாரு ஹேளித்து?" என்றார் கன்னடத்தில். இந்தச் சாப்பாட்டைக் கொடுக்கச் சொன்னது யார் என்று. வார்டு முழுக்கக் கேட்டது. நான்தான் சார் என்றாள். அதற்கு மேல் அவர் பேசியதை எழுத வேண்டாம்.

பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். கழுத்தில் ஒரு மெல்லிய குழல் ஓடுகிறதாம். சாப்பாட்டுக் கொழுப்பை ரத்தத்தில் சேர்ப்பது அதுதான். அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. அபூர்வமாக யாருக்காவது ஆகும். எண்ணெய், நெய், பால் எதுவும் கூடாது. ஒழுகுவது தானாக நின்றால் சரி. இல்லையென்றால் மறுபடி திறக்க வேண்டும்.

மறுபடி என்றபோது அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவளுக்குத்தான் அடி.

மறுநாள் அவள் வரவில்லை. அளக்க வேறொரு மாணவர் வந்தார். அவளுக்கு ஜுரம் என்றார். அடுத்த நாளும் அவர்தான். கட்டு மாற்ற வந்த நர்ஸ் விவேக் நகர்த் தமிழர், எதையும் மூடி வைக்காதவர்.

"ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்ல. ரூமை விட்டு வரல. சோறு இறங்கல. படிப்பே வேணாம், ஊருக்குப் போறேன்னு பேக் கட்டி வச்சிருக்காம்."

"என்னாலயா?"

"உங்க கழுத்தால."

எங்கள் கம்பெனியில் ஒருமுறை ஒருவனுக்கு விரல் போனது. விரல் போனவன் திரும்பி வந்தான். கூட நின்று மிஷினை ஓட்டியவன் வரவே இல்லை. என்ன ஆனான் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது நினைவுக்கு வந்தது.

"சிஸ்டர், அந்தப் பொண்ணத் தனியா விடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா என்னத் திட்டுவாரு."

"உங்களுக்குப் பழக்கம்தானே."

சிரித்தார். சொல்லவும் செய்தார். டாக்டரே ஹாஸ்டலுக்குப் போனாராம். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

சில நாள் கழித்து வந்தாள். கோட்டு பெரிதாகத் தெரிந்தது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்க, ஒப்பிக்கத் தொடங்கினாள். பொங்கல் வர வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. டாக்டர் காத்திருந்தார். பிறகு எனக்கும் புரியட்டும் என்று தமிழில் பேசினார்.

"ஓட்டை போட்டது நெய் இல்ல. என் கையில இருந்த கத்தி. நெய் காட்டிக் குடுத்துச்சு, அவ்ளோதான். அன்னிக்கு உன்னத் திட்டினது தப்பு. மேல சொல்லும்மா."

சொன்னாள்.

அன்று மதியம் தானாகவே என்னிடம் சொன்னாள். "மனசு டாக்டர்கிட்ட போறேண்ணா. வாராவாரம். பேச்சுதான்."

"நல்லதுதான். எனக்குப் பேச்சு வராது."

"அதான் தெரியுதே."

எண்ணெய் காட்டாத சாப்பாடு. ருசி என்று ஒன்று இல்லை. பாட்டிலில் வெள்ளை மெல்லக் குறைந்தது. மஞ்சள் நீராக ஆனது. குழாயை எடுக்கும் முன் ஒரு சோதனை உண்டாம். நெய்யோடு சாப்பிட வேண்டும். மறுபடி வெள்ளை இறங்கினால் ஆபரேஷன்தான்.

மனைவி அதே டப்பாவில் பொங்கல் கொண்டுவந்தாள். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நான் சொல்றேன் சார். சாப்பிடுங்கண்ணா."

ஒன்றும் ஆகாது என்று இந்த முறை சொல்லவில்லை. நான் சாப்பிட்டேன்.

மற்ற மாணவர்கள் மெஸ்ஸுக்குப் போனார்கள். அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாட்டிலையே பார்த்தாள்.

"நீங்க மொறைக்கிற மொறைப்புல வர்றது கூட நின்னுடும்" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது.

சாயங்காலம் டாக்டர் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாக இருந்தது. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு எடுக்கலாம், நீயே எடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள்.

"அக்கா, டப்பால மிச்சம் இருக்கா?"

ஆறிப்போயிருந்தது. நெய் உறைந்திருந்தது. மனைவி வழித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கை கழுவிக்கொண்டு வந்து, என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள்.