நாக்பூர்க்காரருக்கு ஒரு முழுக் கோழி

நாக்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே என் கணவர் கேட்டார்: "ஏய், முழுக் கோழிய வெட்டாம அப்படியே சுட உனக்குத் தெரியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர் அவர். உப்பு இல்லாவிட்டாலும் சொல்லமாட்டார். கல்யாணமாகி நாரணாபுரத்துக்கு வந்ததிலிருந்து இது வேண்டும், அது வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கிற வேலை. பொங்கல் கழிந்ததும் பட்டாசு லேபிள்களை ஒட்டிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினால் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கோடை வெயில் ஏறின பிறகுதான் வீடு வருவார்.

"எதுக்குக் கேக்கீக?"

"நாக்பூர் டீலரு ஆவணியில சரக்குப் பாக்க வாராரு. நம்ம வீட்டுல ஒருவேளை சாப்பிடச் சொல்லியிருக்கேன். அவுக வீட்ல எனக்கு முழுக் கோழி சுட்டு வச்சாக. நாமளும் வைக்கணும்ல?"

"வச்சிருவோம். எப்படி இருந்துச்சு?"

"எது?"

"கோழிதான். காரமா, புளிப்பா?"

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "செவப்பா இருந்துச்சு" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது மல்லாங்கிணற்றில். எங்கள் வீட்டில் கோழி அடித்தால் சுண்டுவிரல் அளவு துண்டுகளாகத்தான் குழம்பில் மிதக்கும். ஆளுக்கு ஒன்று கூடக் குறைய வரும், அவ்வளவுதான். முழுக் கோழியை நான் உயிரோடு பார்த்திருக்கிறேனே தவிர, தட்டில் பார்த்ததில்லை. கறிக்கடையில் போய்ச் சொன்னபோது கடைக்காரருக்கும் குழப்பம்.

"வெட்ட வேணாமா? சாமிக்குப் படைக்கவா?"

"இல்லண்ணே, வீட்டுக்குத்தான்."

"தோலு?"

எனக்குத் தெரியவில்லை. "இருக்கட்டும்" என்றேன்.

முதல் தடவை குக்கரில் வைத்தேன். தலையும் காலும் போன பிறகும் அது குக்கருக்குள் அடங்கவில்லை. தொடைகள் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டு, யாரோ குட்டையான தொட்டியில் மல்லாந்து குளிப்பதுபோல் இருந்தது. அமுக்கி மூடினேன். விசில் வந்த பிறகு திறந்தால் தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். வெளியே எடுக்கக் கரண்டியை விட்டேன், கரண்டியில் முதுகு மட்டும் வந்தது. அன்றைக்கு அது சூப்பாகிவிட்டது. என் கணவர் குடித்துவிட்டு, "இது இல்ல" என்றார். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெருப்பிலேயே சுட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். கொல்லையில் மூன்று கல்லை வைத்து, கரியைப் பற்றவைத்து, மேலே கம்பி வலையைப் போட்டுக் கோழியை வைத்தேன். கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்டப் புகை எழும்பியது. கொஞ்ச நேரம்தான். சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அக்காவின் முகம் தெரிந்தது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள் பசைக் கையோடு ஓடி வந்திருந்தாள்.

"ஏத்தா, எங்கன புகை? எங்கன?"

"இங்கனதான்க்கா. கோழி சுடுதேன்."

"கோழியா?"

அவள் கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மகள் வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். சீசன் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தெருவில் இன்னும் சில பெண்கள் வாசலுக்கு வந்து, ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆள் வேலைக்குப் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் கரியில் ஊற்றினேன். கோழி வெளியே கரிக்கட்டையாகவும் உள்ளே பச்சை ரத்தமாகவும் இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன். மறுபடி கொல்லையில் கரி மூட்ட எனக்கு மனம் வரவில்லை.

"விட்டுருங்களேன். நல்ல குழம்பா வச்சுப் போடுவோம். நம்ம ஊருக் குழம்புக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"இல்ல. முழுசாத்தான் வைக்கணும்."

"ஏன்?"

"வைக்கணும்."

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? நாக்பூரில் யாரோ நன்றாகச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள், அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். ருசியைக் கேட்டால் நிறத்தைச் சொல்கிறார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

கடைசியில் கேக் செய்கிற முறை ஞாபகத்துக்கு வந்தது. என் தங்கை மணலைச் சூடாக்கி அதன்மேல் வைத்துக் கேக் செய்வாள். மாவு வேகுமென்றால் கோழியும் வேகும்தானே? அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு சட்டி மணல் வாங்கிவந்து, சலித்துக் கழுவிக் காயவைத்தேன். கோழியின் நெஞ்சிலும் தொடையிலும் ஆழமாகக் கீறி, உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி ஊறவிட்டேன். பிறகு தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு அரைத்தது, நல்லெண்ணெய் எல்லாம் பிசைந்து உள்ளேயும் வெளியேயும் பூசினேன். கால்கள் விரிந்துகொள்ளாமல் இருக்க, பூக்கட்டுகிற வாழைநாரை நனைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பெரிய அலுமினியக் குண்டாவின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு, ஸ்டாண்டின் மேல் தட்டு, தட்டில் கோழி. மூடிமேல் ஒரு கல்லை ஏற்றி, தீயைச் சிறுத்து வைத்தேன். மெதுவாக வெந்தது. தொடைச் சந்தில் ஈர்க்குச்சியால் குத்தினால் சிவப்பு இல்லாமல் தெளிந்த நீர் வந்தது. அப்புறம் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, தட்டில் வடிந்திருந்த சாற்றை மேலே ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சிவக்க வைத்தேன்.

அந்த வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய் அவர்முன் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. தாம்பாளத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இத எங்கன இருந்து ஆரம்பிக்கணும்?"

"என்னையக் கேட்டா? நீங்கதான அங்கன சாப்பிட்டு வந்தீக?"

"அங்கன வேற மாதிரி இருந்துச்சு" என்று முணுமுணுத்தார். நான் கத்தியை எடுத்துவந்து துண்டு போட்டேன். பாதிக் கோழியை அவர் ஒருவரே சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எதுவோ இடிக்கவும் செய்தது.

ஆவணியில் டீலர் வந்தார். கம்பெனிக் காரிலிருந்து இறங்கியபோது வாசல் நிறைந்துபோனது, அப்படி ஓர் உருவம். அவருக்குத் தரையில் உட்கார முடியாதென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் மேஜை வாங்கிப் போட்டிருந்தோம். அவருக்கு இந்தி மட்டும்தான். எனக்கு அது சுத்தமாகத் தெரியாது. இலையைப் போட்டு, நடுவில் கோழித் தாம்பாளத்தை வைத்தேன். அவர் கைதட்டியே விட்டார். என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு ரசம் போதும்" என்றார் அவர், இலையைப் பார்த்துக்கொண்டே.

வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். அதற்குள் டீலர் சிரித்தபடி ஏதோ சொன்னார். அதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. வெஜிடேரியன்.

ஐயோ, இந்த மனிதர் சைவமா? சைவக்காரர் முன்னாலா முழுக் கோழியைக் கொண்டுவந்து வைத்தேன்? தாம்பாளத்தைச் சட்டென்று தூக்கினேன். டீலர் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் இழுக்க, கோழி நடுவில் ஆடியது.

"வை, வை. அவரு சாப்பிடுவாரு" என்றார் என் கணவர்.

"அப்ப யாரு வெஜிடேரியன்?"

அவர் ரசத்தைப் பிசைந்தார். "நான்தான்."

"நீங்களா?"

"பொறவு சொல்லுதேன். இப்ப சும்மா இரு."

முந்தின நாள் குடல் குழம்பை வழித்துச் சாப்பிட்டவர்! நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். டீலர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். என் கணவர் இந்தியில் பதில் சொன்னார். உடனே அந்தப் பெரிய மனிதர் எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எதற்கென்று தெரியாமல் நானும் கூப்பினேன்.

அப்புறம் அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது கையால் உடலை அழுத்திக்கொண்டு, வலது கையால் தொடையைப் பிடித்து ஒரு திருகு. எலும்போடு கையில் வந்துவிட்டது. என் கணவரின் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை.

கார் போன பிறகுதான் சொன்னார். நாக்பூரில் வெள்ளைத் துணி விரித்த பெரிய மேஜையாம். கத்தியும் முள்கரண்டியும் வைத்திருந்தார்களாம். டீலர், அவருடைய அப்பா, தம்பிகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, முழுக் கோழியைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிதான் முதலில் தொட வேண்டுமாம்.

"எல்லாரும் என் கையவே பாத்தாக. எங்கன தொடணும்னு தெரியல. கத்திய எடுக்கணுமா, கையால பிய்க்கணுமா? வாயில வந்துருச்சு, நான் வெஜிடேரியன்னு. இருந்த நாள் பூராம் ரொட்டியும் பருப்பும்தான்."

"அவுக கிட்டயே கேட்டுருக்கலாம்ல?"

"ஆர்டர் எடுக்கப் போனவன் போயி, கோழி எப்படித் திங்கதுன்னு கேப்பானா?"

சிரிப்பதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டும் வரவில்லை.

"சரி, எதுக்கு என்னையப் பாத்துக் கும்பிட்டாரு?"

"சுத்த சைவ வீட்ல என் பொண்டாட்டி அவருக்காக மொத மொத கறி சமைச்சிருக்கான்னு சொன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த கோழியை இருவரும் அடுப்படியில் நின்றபடியே தின்றோம்.

அதோடு முடியவில்லை. டீலர் ஆண்டுதோறும் வந்தார். வரும்போதெல்லாம் என் கணவருக்கென்று பச்சைப் புள்ளி போட்ட இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். எனக்கென்று மறுபடி ஒரு கும்பிடு. நான் கோழியும் சுட்டேன், என் கணவருக்கு அவரைக்காய்ப் பொரியலும் வைத்தேன். ஒரு வருடம் டீலர் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். எப்போதிலிருந்து சைவம், ஏன் சைவம் என்று கேட்கிறார் போலிருந்தது. என் கணவர் நீளமாக ஏதோ சொன்னார். டீலரின் முகம் வாடிப்போனது. என் கணவரின் தோளில் கைவைத்துத் தட்டிக்கொடுத்தார்.

அவர் போனதும் கேட்டேன். "என்ன சொன்னீக?"

"ஒண்ணுமில்ல. உங்க அப்பாவப் பத்தித்தான்."

"எங்க அப்பாவுக்கு என்ன?"

"ஒரு வேண்டுதல்னு சொன்னேன். விடு."

அதன்பிறகு நாக்பூரிலிருந்து போன் வந்தாலே டீலர் முதலில் என் அப்பாவின் உடம்பைத்தான் விசாரித்தார். என் அப்பா மல்லாங்கிணற்றில் பருத்திக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு சளித்தொல்லைகூடக் கிடையாது.